கல் பார்த்தவள்

சின்னவள் வாயைத் திறந்தால் பெரியவளுக்கு வயிறு எரியும். இரண்டு வருடமாக எரிகிறது. இருவரும் ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள். பெரியவள் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்து பதினேழு வருடம் ஆகிறது, சின்னவள் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்து இரண்டு வருடம். பார்க்கிறவர்களுக்குக் கூடப் பிறந்தவர்கள் மாதிரித்தான் தெரியும். ஒரே அடுப்பு, ஒரே துணிக்கொடி, ஒரே வேலை. சண்டை என்று ஒரு நாள் வந்ததில்லை. வந்திருந்தால் ஒருவேளை நல்லதாகப் போயிருக்கும்.

வேலை என்னவென்றால், குழி தோண்டுவது. நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்வதற்கான குழி. மேட்டுப்பக்கம் முழுக்கத் தங்கும் விடுதிகள். வருடத்தில் பாதி நாள் பனிமூட்டம், மீதியில் பாதி தூறல். விடுதிக்காரர்கள் அதை ஃபயர் பிட் என்பார்கள். வீட்டில் வெறும் குழிதான். 'இன்னைக்கு யாருக்குக் குழி?' என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக் கேட்டு அந்த நகைச்சுவை தேய்ந்தே போய்விட்டது.

பெரியவளின் வீட்டுக்காரர் கொத்தனார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு விடுதியில் மதில் கட்டப் போனவரிடம், கல் வைத்து நெருப்புக் குழி ஒன்று கட்டித் தரச் சொன்னார்கள். மனுஷர் அது குப்பை கொளுத்தத்தான் என்று நினைத்து, சமையலறைக்குப் பின்னால் கோழிக்கூண்டை ஒட்டிக் கனகச்சிதமாகக் கட்டி வைத்துவிட்டார். விருந்தாளிகள் உட்கார்ந்து பேசுவதற்காக என்று அப்புறம்தான் தெரிந்தது. வீட்டுக்குள் ஹீட்டர் இருக்கும்போது வெளியே உட்கார்ந்து புகை குடிக்கக் காசு கொடுத்து எவன் வருவான் என்று கேட்டாராம். வந்தார்கள். அன்றிலிருந்து கொத்தனார் மதில் பக்கம் திரும்பவில்லை.

நடுவில் ஒரு முளை அடித்து, நூல் கட்டிச் சுற்றி வட்டம் போடுவார். முழங்கால் ஆழம் தோண்டி, மழைத்தண்ணீர் இறங்க அடியில் ஒரு சாண் ஜல்லி கொட்டுவார். உள்சுற்றுக்குத் தீச்செங்கல், வெளிச்சுற்றுக்கும் மேல் வளையத்துக்கும் கல். காற்று வர நாலு பக்கமும் ஓட்டை. இப்போது புகை வராத இரட்டைத் தகரக் கூடு கேட்கிறார்கள், கரி போட்டு இறைச்சி வாட்டக் கம்பி வலை கேட்கிறார்கள், சிலர் விறகே வேண்டாம், கேஸ் குழாய் போட்டு மேலே கறுப்புக் கல்லைப் பரப்பு என்கிறார்கள். எதைக் கேட்டாலும் செய்வார். கேஸ் போட்டால் மட்டும் 'இது குழி இல்ல, அடுப்பு' என்று முணுமுணுத்துக்கொண்டே செய்வார்.

கல் பார்ப்பது பெரியவள் வேலை. முதல் வருடம் ஆற்றுக் கல் ஒன்று சூட்டில் வெடித்துக் கொத்தனாரின் புருவத்தைக் கிழித்தது. கல்லுக்குள் விரிசல் இருந்து, அதில் ஈரமும் தங்கியிருந்தால், தீ பட்டதும் அந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழி தெரியாமல் கல்லையே பிளந்துகொண்டு வரும். அன்றைக்குப் பிறகு பெரியவள் தட்டிப் பார்க்காமல் ஒரு கல்லும் குழிக்குள் போனதில்லை. ஒரு சாக்கை விரித்து உட்காருவாள். கல்லை இடது உள்ளங்கையில் ஏந்தி, கண்ணை மூடி, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. நல்ல கல் கிண்ணென்று பேசும். உள்ளே விரிசல் விட்ட பொத்தல் கல்லின் குரல் தொண்டை கட்டியது போல இருக்கும். கெட்டதென்றால் 'வேண்டாம்' என்று இடப்பக்கம் தள்ளுவாள். நல்லதென்றால் ஒன்றும் சொல்லாமல் வலப்பக்கம் வைப்பாள், கொத்தனார் எடுத்து அடுக்குவார். நல்லதுக்கு வார்த்தை கிடையாது. யாரும் பேசி வைத்த விதியில்லை. அப்படியே பழகிவிட்டது.

இன்னொரு பழக்கமும் உண்டு. கட்டி முடித்த குழியில் முதல் தீ கட்டினவர்களுடைய தீ. விடுதியில் ஒப்படைக்கும் முன் குடும்பமே சுற்றி உட்கார்ந்து ஒரு முழுத் தீ எரியும்வரை இருக்க வேண்டும். கல் பார்த்தவள் எல்லாரையும்விடக் கிட்டத்தில். 'எங்க ஆளை உக்கார வச்சிட்டுத்தான் உங்க ஆளை உக்காரச் சொல்லுவோம்' என்று கொத்தனார் சொல்லும்போது பெரியவளுக்கு முதுகு தானாக நிமிரும்.

அப்புறம் சின்னவள் வந்தாள். வருமுன் துணிக்கடையில் விற்பனைக்கு நின்றவள். கல்லுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பேச்சு இருந்ததே, பேச்சு! குழி தோண்டும் இடத்தில் டீ ஊற்றிக் கொடுக்க வந்தவள், வேடிக்கை பார்த்த விருந்தாளிகளிடம் ஒரு நாள் ஆரம்பித்தாள்.

"மனுசன் மொதல்ல வீடா கட்டினான்? இல்லைங்க. காத்துல தீ அணையாம இருக்கக் குழியைத்தான் தோண்டியிருப்பான். அதுலதான் சமையல், அதுலதான் குளிர் காயறது, மிருகம் வராம பாத்துக்கறதும் அதுதான். காலையில மறுபடி பத்த வைக்க வேணுமேன்னு தணலைச் சாம்பல் போட்டு மூடி வைப்பாங்களாம். மண்பானை சுட்டது குழியில. இரும்பு உருக்கினதும் குழியிலதான். அப்புறம் தீயைச் சுவருக்குள்ள தள்ளிப் புகைபோக்கி வச்சான். அப்புறம் கேஸ், கரண்ட். வட்டமா உக்காந்தவன் எல்லாம் ஆளுக்கொரு மூலைக்குப் போயிட்டான். இப்ப என்னடான்னா, மறுபடி வட்டமா உக்காரணும்னு எங்க மாமாவைத் தேடிக்கிட்டு வர்றான்."

விருந்தாளிகள் கைதட்டினார்கள். கொத்தனாருக்கு வாயெல்லாம் பல். பெரியவள் சாக்கில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். இதெல்லாம் போனில் படித்தது என்று அவளுக்குத் தெரியும். படித்தால் என்ன, நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் 'அந்தக் கதை சொல்ற பொண்ணு வரலையா?' என்றுதான் கேள்வி. பன்னிரண்டு வருடம் கல் தட்டியவளை ஒருத்தர் கேட்டதில்லை. கேட்காததுகூடப் பரவாயில்லை. வீட்டில் கொத்தனாரும் மாறினார். 'அது நல்லாப் பேசுதுல்ல?' என்பார் சாப்பிடும்போது. இவள் ரொட்டியை அவர் தட்டில் கொஞ்சம் வேகமாக வைப்பாள். கொழுந்தன் லாரியைக் கழுவிக்கொண்டே பெண்டாட்டி சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பான். பெரியவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டுக் கொல்லைக்குப் போய், துவைத்த துணியையே மறுபடி துவைப்பாள். சின்னவள் நல்லவள் இல்லை என்று யாராவது ஒருவர் சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. ஒருவரும் சொல்லவில்லை. அவள் காய் நறுக்கினாள், பாத்திரம் விளக்கினாள், பெரியவளுக்கு முதுகு பிடித்தபோது தைலம் தேய்த்தாள். ஆறுதலுக்கு ஒரு குறைகூட வைக்காத பெண்ணோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது, சொல்லுங்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெரிய விடுதி வேலை வந்தது. பன்னிரண்டு பேர் உட்காரும் குழி. விடுதிக்காரம்மாவுக்கு ஓர் ஆசை. விடுதி நிலத்துக்குக் கீழே சரிவில் ஓடும் ஆற்றில் உருண்டை உருண்டையாக நீலம் பாரித்த கல் கிடந்தது. மேல் வளையம் அந்தக் கல்லில்தான் வேண்டும் என்றார். கொத்தனார் புருவத் தழும்பைத் தடவிக்கொண்டு, ஆற்றுக் கல் ஆகாது என்றார்.

"அக்கா பாத்துப் பொறுக்கினா போதும் மாமா," என்றாள் சின்னவள். "அக்கா காதுல தப்பிச்சு ஒரு கல்லு போயிடுமா?"

கொத்தனார் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் சரி என்று தலையாட்டினாள். கொழுந்தன் ஆற்றிலிருந்து ஒரு லாரிக் கல் அள்ளி வந்து, நனைந்தது நனைந்தபடி இறக்கினான்.

காலையில் தூறல் விட்டிருந்தது. பெரியவள் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். பாதிக் குவியல் முடிந்தது. ஆற்றுக் கல்லாச்சே, நிறைய 'வேண்டாம்' சொல்ல வேண்டியிருந்தது. அந்த நேரம் விடுதிக்காரம்மா குடையோடு வந்தார். குழிக்குப் பக்கத்தில் வைக்க ஒரு பலகை செய்யப் போகிறார்களாம். நெருப்புக் குழியின் கதை முழுக்கச் சின்னவள் சொன்னபடி அதில் இருக்கும், மேலே ஒரு படம் இருக்கும். மாதிரியைப் போனில் காட்டினார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பெரியவளும் எட்டிப் பார்த்தாள்.

படத்தில் சின்னவள் சாக்கில் உட்கார்ந்திருந்தாள். இடது கையில் கல், வலது கையில் சுத்தியல். தலையை அழகாகச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்பது போல. சுத்தியல் பெரியவளுடையது. பிடியில் அவள் சுற்றிய சிவப்புத் துணிகூடத் தெரிந்தது.

"சும்மா ஒரு போஸுக்குத்தான்க்கா. நீங்க டீ குடிக்கப் போயிருந்தீங்க," என்றாள் சின்னவள். முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. கொத்தனார் படத்தைப் பார்த்து, அசல் கல் பார்க்கிறவள் மாதிரியே இருக்கிறதே என்றார். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம் அவர்.

விடுதிக்காரம்மா போனார். பெரியவள் அடுத்த கல்லை எடுத்தாள். கண்ணை மூடினாள். தட்டினாள். தொண்டை கட்டிய சத்தம். சந்தேகமே இல்லாத சத்தம். 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. கல்லை வலப்பக்கம் வைத்தாள். கொத்தனார் எடுத்துக்கொண்டு போனார்.

அவ்வளவு சுலபமாக இருந்தது. ஒரு கல்லோடு நிற்கவில்லை. மதியத்துக்குள் அப்படி ஏழு கல். லேசாக விரிசல் விடும், வளையம் அசிங்கமாகும், ஆற்றுக் கல்லுக்குப் பரிந்து பேசியவள் சின்னவள்தானே, பேச்சுக்காரி முகத்தில் கொஞ்சம் கரி பூசும், அவ்வளவுதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வெடிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். புருவம் கிழிந்த அன்று ரத்தத்தைத் துடைத்தவளே அவள்தானே.

கலவை இறுக ஒன்பது நாள் விட்டார்கள். அந்த ஒன்பது நாளும் தினம் ஒரு தடவையாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். முதல் நாள் சொல்லியிருந்தால் காது தவறிவிட்டது என்று முடிந்திருக்கும். மூன்றாம் நாள், ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேள்வி வரும். ஆறாம் நாள் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. இடையில் இரண்டு நாள் நல்ல மழை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, கல் குடிக்கிறது, குடிக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்துவிட்டுத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. சின்னவள் வந்து, 'என்னக்கா முகம் வாடியிருக்கு' என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அருவருப்பு போய் எரிச்சல் வந்தது.

முதல் தீ ஒரு மாலைப்பொழுது. வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. விடுதி ஆட்கள் தள்ளி வராந்தாவில் நின்றார்கள். கொத்தனார் விறகை அடுக்கினார். நாற்காலிகளைக் கொழுந்தன் வட்டமாகப் போட்டான். வளையத்துக்கு மிக நெருக்கமான நாற்காலி கல் பார்த்தவளுடையது.

பெரியவள் போகவில்லை. தலை சுற்றுகிறது, தண்ணீர் வாளியோடு பின்னால் நிற்கிறேன் என்றாள். கொத்தனார் ஆச்சரியமாகப் பார்த்தார். பன்னிரண்டு வருடத்தில் அவள் உட்காராத முதல் தீ இல்லை. அதற்குள் வராந்தாவிலிருந்து விடுதிக்காரம்மா, படத்துக்கு நன்றாக இருக்கும், அந்த நாற்காலியில் சின்னவளே உட்காரட்டும் என்றார்.

"அக்கா, நான் உக்காரட்டுமா?" என்று சின்னவள் கேட்டாள். வேறு யாரிடமும் கேட்கவில்லை, பெரியவளிடம்தான் கேட்டாள்.

"உக்காரு," என்றாள் பெரியவள்.

தீ பிடித்தது. முதலில் சுள்ளி, அப்புறம் கட்டை. காற்று ஓட்டைகள் நன்றாக இழுத்தன. கொத்தனார் திருப்தியாகக் கையைத் தேய்த்துக்கொண்டார். கொழுந்தன் சாம்பலில் உருளைக்கிழங்கைப் புதைத்தான். சின்னவள் வளையத்துக்கு ஒரு முழம் தள்ளி, முகத்தில் சூடு வாங்கியபடி, படம் எடுப்பவர்களுக்காகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்துக்கு நேராக அந்த ஏழில் மூன்று கல் இருந்தது. பெரியவளுக்கு எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

ஈரம் காய்ந்து கல் நிறம் மாறியது. பெரியவள் வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த நிமிஷம் வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வரும். திறக்காவிட்டால்? அப்போது ஒரு சத்தம் வந்தது. நகத்தால் சொடுக்குவது போல, ரொம்பச் சின்னதாக. வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது.

வாளி கீழே விழுந்தது. ஓடிப்போய்ச் சின்னவளின் நாற்காலி முதுகைப் பிடித்து, ஆளோடு சேர்த்துப் பின்னால் இழுத்தாள்.

"எல்லாரும் எந்திரிங்க. தள்ளிப் போங்க. கல்லு வெடிக்கப் போவுது."

கொத்தனாரும் கொழுந்தனும் எழுந்து பத்தடி போயிருக்கமாட்டார்கள். பட்டாசு மாதிரி ஒன்று வெடித்தது. பின்னாலேயே இன்னொன்று. நாற்காலி இருந்த இடத்துக்கு மேலே சில்லுகள் பறந்து புல்லில் விழுந்து புகைந்தன. ஒன்று பெரியவளின் முழங்கையில் பட்டுத் தோலை உரித்தது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொழுந்தன் விழுந்த வாளியை எடுத்துக்கொண்டு குழாய்க்கு ஓடினான்.

தீ அணைந்து புகை அடங்கியதும் எல்லாருடைய கண்ணும் பெரியவள்மேல்தான். வெடிக்குமென்று எப்படித் தெரிந்தது என்று விடுதிக்காரம்மா கேட்டார்.  சின்னவள்தான் பதில் சொன்னாள். அக்காவின் காது அப்படிப்பட்ட காது என்றாள். பன்னிரண்டு வருடம் கல்லைக் கேட்ட காது, வெடிக்கும் முன்னாலேயே கேட்டிருக்கிறது, நம் யாருக்காவது கேட்டதா என்றாள். கொத்தனார் தலையை ஆட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. விடுதிக்காரம்மா போனை எடுத்தார். பலகையில் இனிமேல் இவர் படம்தான், கல்லின் பேச்சு கேட்கிறவர் என்று எழுத வேண்டும், கொஞ்சம் இப்படித் திரும்புங்கள் என்றார்.

இதற்குத்தானே இரண்டு வருடமாக வயிறு எரிந்தது. எல்லாரும் இவளைப் பார்க்கிறார்கள், இவளைப் பற்றிப் பேசுகிறார்கள். புருஷன் ஊர் பார்க்கப் பெருமையாக நிற்கிறார். திரும்பி நின்று ஒரு சிரிப்புச் சிரித்தால் முடிந்தது. பெரியவள் திரும்பினாள். சிரிப்பு வரவில்லை.

"எழுதாதீங்க," என்றாள். "தட்டும்போதே தெரியும். பொத்தல் கல்லு. மொத்தம் ஏழு. தெரிஞ்சுதான் வலப்பக்கம் வச்சேன்."

 கொத்தனாருக்குத்தான் முதலில் புரிந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"ஒம்போது நாளா தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

கொத்தனார் வெடித்த வளையத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சூடு ஆறாத சில்லுகளைக் கரண்டியால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். விடுதிக்காரம்மா போனைப் பைக்குள் வைத்தார்.

"ஏன்க்கா?" என்றாள் சின்னவள்.

"என் சுத்தியலைப் பிடிச்சுக்கிட்டுப் படம் எடுத்தல்ல." சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று பெரியவளின் காதுக்கே கேட்டது. "போற எடமெல்லாம் உன்னைத்தான் கேக்குறாங்க. வீட்டுலயும் உன் பேச்சுத்தான். என்னைக் கேட்டு யாரு வர்றா? எனக்குப் பொறுக்கலை. அவ்வளவுதான்."

சின்னவள் அழுவாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. கோபத்தில் குரல் தடித்திருந்தது.

"எனக்கு மட்டும் பொறுத்துச்சா? நீங்க கல்லைத் தட்டறப்ப மாமா கையை நிறுத்திடுவாரு. என் வீட்டுக்காரரு லாரியை ஆஃப் பண்ணிடுவாரு. உங்களுக்கு எங்க தெரியும், நீங்கதான் கண்ணை மூடிக்கறீங்களே. நான் மணிக்கணக்காப் பேசறேன், ஒருத்தர் கையாவது நின்னிருக்கா? நீங்க கடைக்குப் போற நேரம் பாத்து உங்க சுத்தியலை எடுத்துத் தட்டித் தட்டிப் பாப்பேன். எல்லாக் கல்லும் எனக்கு ஒரே மாதிரிதான் கேக்குது. படத்துலயாவது கேக்கற மாதிரி இருக்கட்டுமேன்னு உக்காந்தேன். அதுக்கு என் மூஞ்சியவா எடுக்கப் பாத்தீங்க?"

 பன்னிரண்டு வருடமாகப் பெரியவளின் ஒரு தட்டுக்கு அந்த இடமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அது இன்றைக்கு, இப்படியா தெரிய வேண்டும் என்று இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில், லாரியில் வைத்தே, முழங்கைக் காயத்துக்குச் சின்னவள்தான் மருந்து போட்டாள். போட்டுவிட்டு, எப்போதும் போல 'எரியுதாக்கா' என்று கேட்கவில்லை.

மறுநாள் மேல் வளையத்தை முழுக்கப் பெயர்த்தார்கள். குவாரியிலிருந்து காய்ந்த கல் வந்தது. ஆற்றுக் கல் வேண்டாம், பலகையும் வேண்டாம் என்று விடுதிக்காரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். பெரியவளைக் கல் பார்க்க விடுவார்களா என்று அவளுக்கே நிச்சயமில்லை. தள்ளி நின்றாள். கொத்தனார் சாக்கை விரித்துப் போட்டார். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"உக்காரு. வேற யாருக்கும் கேக்காது. ஆனா இனிமே நல்லதுன்னாலும் வாயால சொல்லணும்."

அவள் உட்கார்ந்தாள். சின்னவளும் வந்து எதிரே உட்கார்ந்தாள். முதல் கல்லை எடுத்துக் கண்ணை மூடப் போன பெரியவள், மூடாமல் தட்டினாள். கிண்ணென்று இருந்தது. கரண்டியோடு கொத்தனார் கை நின்றிருந்ததை முதல்முறையாகப் பார்த்தாள். கொழுந்தன் லாரியின் இஞ்சினும் நின்றிருந்தது.

"நல்லது," என்றாள்.

யாரும் அசையவில்லை. சின்னவள் கையை நீட்டினாள். பெரியவள் சுத்தியலையும் கல்லையும் கொடுத்தாள். சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு, தனக்கு ஒன்றும் தெரியாத அந்தச் சத்தத்தை, இன்னொரு முறை தட்டிக் கேட்டாள். அவள் கேட்டு முடித்து வலப்பக்கம் வைத்த பிறகுதான் கொத்தனார் அந்தக் கல்லை எடுத்தார்.